ஒரு பிள்ளைக்கு ஒரு ஆள்: வீட்டில் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பது எப்படி

திசையன்விளையில் சாயங்காலம் ஆறு மணிக்குத் தெருவில் நடந்தால், எந்த வீட்டில் ட்யூஷன் நடக்கிறது என்று யாரையும் கேட்க வேண்டாம். வாசலில் இருபது ஜோடிச் செருப்பு கிடக்கும். இந்த அத்தியாயம் ஒரே ஒரு ஜோடி கிடக்கும் வாசலைப் பற்றியது. இருபது பேர் நடுவில் உட்கார்ந்தால் காணாமல் போய்விடுகிற பிள்ளைக்கு, தனியாக ஒருவர் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கும் முறை இதில் இருக்கிறது.

அந்தப் பிள்ளை ஐந்தாம் வகுப்புக்கு வந்தும் எழுத்துக் கூட்ட வராதவனாக இருக்கலாம். பேச்சு வராதவளாக இருக்கலாம். ஒரு நிமிஷம் ஓரிடத்தில் இருக்க முடியாதவன், மூளை முடக்குவாதத்தால் பென்சில் பிடிக்க இயலாதவள் என்று யாராகவும் இருக்கலாம். அதோடு வீட்டுக் கஷ்டமும் சேர்ந்திருக்கும். அப்பா மும்பையிலோ வளைகுடாவிலோ இருப்பார், அம்மா விடிந்தது முதல் பீடி சுற்றுவாள், பிள்ளையை ஆச்சிதான் பார்த்துக்கொள்வாள். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைச் சொல்கிறது. ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் அதில் உண்டு. அந்தப் பட்டியலை நீங்கள் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. உங்கள் எதிரில் இருக்கும் ஒரு பிள்ளையைத் தெரிந்துகொண்டால் போதும்.

நெல்லைச் சீமைக்கு இந்த வேலை புதிதல்ல. பாளையங்கோட்டையில் ஆனி ஆஸ்க்வித் பார்வையற்றோருக்கும், ஃபுளோரன்ஸ் ஸ்வெய்ன்சன் காது கேளாதோருக்கும் பள்ளி தொடங்கியது 1890-களில். தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் ராமகிருஷ்ணன் 1981-ல் தொடங்கிய அமர் சேவா சங்கம் இன்றைக்கும் எத்தனையோ குடும்பங்களுக்குக் கைகொடுக்கிறது. ஆனால் இங்கிருந்து பாளையங்கோட்டைக்குப் போய்வரவே அரை நாள் ஆகும், கூலி போய்விடும். வாராவாரம் அப்படிப் போய்வர முடியாத வீட்டுப் பிள்ளைக்குத்தான் நீங்கள் தேவைப்படுகிறீர்கள்.

பட்டம் தேவையில்லை. எட்டாம் வகுப்புத் தமிழைத் தடங்கலில்லாமல் வாசிக்கத் தெரிந்து, வாரம் நான்கு நாள் சொன்ன நேரத்துக்கு வரமுடிந்தால் போதும். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். நீங்கள் டாக்டர் அல்ல. "இவனுக்கு ஆட்டிசம்தான்", "இவளுக்கு இதுதான் வியாதி" என்று வீட்டாரிடம் பெயர் சூட்டாதீர்கள். மாத்திரையை நிறுத்தவோ கூட்டவோ சொல்லாதீர்கள்.

கண்ணும் காதும் முதலில்

எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். எட்டு வயதுப் பெண்பிள்ளை ஒருத்தி. 'கடல்' என்று சொன்னால் 'கட' என்று எழுதுவாள். 'பல்' என்றால் 'ப' மட்டும். மூன்று மாதம் ல, ள, ழ என்று பக்கம் பக்கமாக எழுதவைத்து அவளை வாட்டினேன். ஒரு நாள் நல்ல மழை, ஓட்டுக்கூரையில் ஒரே சத்தம். அன்றைக்கு அவள் கண் என் உதட்டைவிட்டு நகரவேயில்லை. நான் சிலேட்டை எடுக்கத் திரும்பிய நேரத்தில் சொன்ன வார்த்தை ஒன்றுகூட அவளிடம் போய்ச் சேரவில்லை. பரிசோதித்துப் பார்த்தால் இரண்டு காதிலும் கேட்கும் திறன் குறைவு. காதுக்கே வராத சத்தத்தை எப்படி எழுதுவாள்? மூன்று மாதம் போனது போனதுதான்.

அதனால் பாடத்தைத் தொடும் முன் இதைச் செய்யுங்கள்:

1. பிள்ளை விளையாடிக்கொண்டிருக்கும்போது பின்னால் ஐந்தடி தள்ளி நின்று, சாதாரணக் குரலில் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். அடுத்த முறை மெதுவான குரலில். திரும்பவில்லை என்றால் குறித்துக்கொள்ளுங்கள்.
2. காதில் சீழ் வடிகிறதா, அடிக்கடி சளி பிடிக்கிறதா என்று கேளுங்கள். எண்ணெய் காய்ச்சி ஊற்றுகிற பழக்கம் இருந்தால் நிறுத்தச் சொல்லுங்கள்.
3. புத்தகத்தைக் கண்ணருகே கொண்டுபோகிறதா, தலையைச் சாய்த்துப் பார்க்கிறதா, கரும்பலகையைப் பார்த்து எழுதும்போது மட்டும் தப்பு வருகிறதா என்று கவனியுங்கள்.
4. சந்தேகம் இருந்தால் பள்ளிக்கு வரும் நடமாடும் மருத்துவக் குழுவிடமோ, உங்கள் ஒன்றியத்தின் வட்டார வள மையம் நடத்தும் மருத்துவ முகாமிலோ காட்டச் சொல்லுங்கள். இரண்டும் கைகூடவில்லை என்றால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி. முதல் தடவை நீங்களும் கூடப் போங்கள். எந்த வரிசையில் நிற்பது என்று தெரியாமல் திரும்பி வந்த ஆச்சிகள் உண்டு.

வீட்டாரிடம் பேசுவது

வாசலில் நின்றபடி பேசாதீர்கள். உட்கார்ந்து, கொடுக்கிற தண்ணீரைக் குடித்துவிட்டுப் பேசுங்கள். "அவனுக்கு மண்டையில ஏறாது டீச்சர், எங்க ராசி அப்படி" என்பதுதான் பெரும்பாலும் முதலில் வரும் பேச்சு. பிள்ளையும் பக்கத்தில்தான் நிற்கும், எல்லாம் அதன் காதில் விழும். மறுத்து வாதாட வேண்டாம். "ஆச்சி, அவன் வீட்டுல என்னென்ன செய்யுதான்?" என்று கேளுங்கள். பேச்சு தானாகத் திரும்பும். கோழியைக் கூட்டில் அடைக்கிறான், கடைக்குப் போய் மிச்சக் காசைச் சரியாகக் கொண்டுவருகிறான், பஸ் எண்ணைப் பார்த்தே ஊர் சொல்கிறான் என்று ஒவ்வொன்றாக வரும். எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள். பாடம் இங்கிருந்துதான் கிளம்பப்போகிறது.

கேட்டே ஆகவேண்டியவை சில உண்டு. வலிப்பு வருமா, கடைசியாக எப்போது வந்தது? என்ன மாத்திரை? விழுங்குவதில் சிரமம் உண்டா? எதைக் கண்டு பயம்? வீட்டைவிட்டு ஓடும் பழக்கம் உண்டா? கழிப்பறைக்குப் போக யார் உதவுகிறார்கள்? இந்தப் பதில்களை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி, அம்மா அல்லது ஆச்சியின் செல் நம்பரையும் அங்கேயே எழுதுங்கள்.

பாய், இரண்டு ஓலைப்பெட்டி, முக்கால் மணி நேரம்

பள்ளிவிட்டு வந்தவுடன் பாடம் வேண்டாம். பிள்ளை ஏதாவது சாப்பிட்டு அரைமணி நேரம் விளையாடட்டும். பசித்த பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க முயல்வது இரண்டு பேருக்கும் வீண். பிறகு முக்கால் மணி நேரம், அதையும் பத்துப் பத்து நிமிஷமாக உடைத்து, நடுவில் எழுந்து தண்ணீர் குடிக்க, குதிக்க விடுங்கள். ஐந்து நிமிஷம்தான் உட்கார முடிகிற பிள்ளைக்கு ஐந்து நிமிஷத்தில் தொடங்குங்கள்.

பாயைச் சுவரைப் பார்த்து விரியுங்கள், தெருவைப் பார்த்து வேண்டாம். டிவியை அணைக்கச் சொல்லுங்கள். நீங்கள் எதிரில் உட்காராமல் பக்கவாட்டில் உட்காருங்கள். அப்போதுதான் எழுத்து இருவருக்கும் ஒரே பக்கமாகத் தெரியும்.

நம் ஊரில் ஓலைப்பெட்டிக்குப் பஞ்சமில்லை. இரண்டு வாங்குங்கள். இடப்பக்கப் பெட்டியில் இன்றைக்குச் செய்யவேண்டிய வேலைகள், மூன்று அல்லது நான்கு. ஒவ்வொன்றும் முடிந்ததும் பிள்ளையே அதை எடுத்து வலப்பக்கப் பெட்டியில் போடும். இடப்பெட்டி காலியானால் அன்றைய பாடம் முடிந்தது. "இன்னும் எவ்வளவு நேரம்?" என்ற கேள்விக்கு வாயால் சொல்லும் பதில் எந்தப் பிள்ளைக்கும் புரிவதில்லை. பெட்டியைப் பார்த்தால் புரிந்துவிடுகிறது. பேச்சு வராத பிள்ளைகளிடமும் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளிடமும் இந்த ஒரு ஏற்பாடே பாதி அழுகையைக் குறைத்துவிடும்.

தவறு: பெட்டி காலியான பிறகு, "நல்லாத்தானே செய்யுற, இன்னும் ஒண்ணு" என்று ஒரு தாளை நீட்டுவது. ஒரே ஒரு தடவை அப்படிச் செய்தாலும் பெட்டிமேல் உள்ள நம்பிக்கை போய்விடும்.

முதல் வாரம் சொல்லிக்கொடுக்காதீர்கள்

முதல் நான்கு நாள் பார்ப்பது மட்டும்தான் வேலை. நோட்டில் மூன்று பத்தி கட்டுங்கள்: 'தானாகச் செய்கிறது', 'உதவினால் செய்கிறது', 'இன்னும் வரவில்லை'. வயதையும் வகுப்பையும் மறந்துவிடுங்கள். ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு இரண்டாம் வகுப்புப் பாடம் கடினமாக இருந்தால் ஒன்றாம் வகுப்புக்குப் போங்கள், அதுவும் கடினமென்றால் அதற்கும் கீழே. பத்துக்கு எட்டு சரியாக வரும் இடத்தில் நில்லுங்கள். அந்த இடம்தான் தொடக்கம். ஆனால் பன்னிரண்டு வயதுப் பையனிடம் குழந்தைப் படம் போட்ட ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தை மற்ற பிள்ளைகள் பார்க்க நீட்டாதீர்கள். அதே எழுத்துகளை வெறும் அட்டையில் எழுதிக்கொண்டு போங்கள்.

இதே வாரத்தில் பிள்ளையின் ஆசையையும் தேடுங்கள். 2021 மழையில் வெள்ளம் நாள்கணக்காகப் பாய்ந்தும் நிரம்பாத ஆயன்குளத்துக் கிணற்றைப் பற்றி மட்டுமே பேசுகிற ஒரு பையன் என்னிடம் வந்தான். வேறு எதைக் கேட்டாலும் வாய் திறக்கமாட்டான். சரி, கிணறுதான் பாடம் என்று முடிவு செய்தோம். 'கிணறு', 'மழை', 'மடை', 'மண்' என்று அட்டைகள் எழுதினோம். எவ்வளவு ஆழம், எத்தனை வாளி என்று கணக்கும் அதிலேயே வந்தது. அவன் தானாக வாசித்த முதல் வரி 'கிணறு நிறையாது' என்பது. அதை வாசித்து முடித்ததும் எழுந்துபோய் அவன் ஆச்சியைக் கையைப் பிடித்து இழுத்துவந்து மறுபடி வாசித்துக் காட்டினான்.

எழுத்து: மணலிலிருந்து தாளுக்கு

நம் தேரிச் செம்மணலைச் சல்லடையில் சலித்து, ஓரம் உயர்ந்த ஒரு தட்டில் விரல் கணு அளவு பரப்புங்கள். திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் விரலால் மணலில் எழுதியதைக் கண்டுதான், 1790-களில் சென்னை எழும்பூரில் அநாதைப் பள்ளி நடத்திய ஆண்ட்ரூ பெல் அந்த முறையைத் தன் பள்ளிக்கு எடுத்துக்கொண்டு, பிறகு இங்கிலாந்துக்கும் கொண்டுபோனார். நம்முடைய பழைய பொருள்தான். கூச்சப்படாமல் எடுத்தாளுங்கள்.

1. முதலில் சத்தம். 'படம்' என்று நீங்கள் சொல்ல, பிள்ளை முதல் சத்தத்தைச் சொல்லட்டும். எழுத்தைக் காட்டாதீர்கள். இது பழக இரண்டு வாரம் ஆனாலும் பொறுங்கள்.
2. ட, ப, ம, ர போன்ற நேர்க்கோட்டு எழுத்துகளில் தொடங்குங்கள். ஒரு தடவைக்கு இரண்டு எழுத்துக்கு மேல் வேண்டாம்.
3. நீங்கள் மணலில் எழுதி, எழுதும்போதே அந்தச் சத்தத்தைச் சொல்லுங்கள். பிள்ளை அதே தடத்தில் விரலை ஓட்டிச் சொல்லட்டும். மூன்று தடவை.
4. மணலை அழித்துவிட்டுப் பிள்ளையே எழுதட்டும். பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஒரு தடவை.
5. அதே எழுத்தைச் சிலேட்டில் பெரிதாக. கடைசியில்தான் தாள்.
6. இரண்டு எழுத்து வந்ததும் உடனே வார்த்தை: 'பட', 'படம்', 'மரம்', 'பட்டம்'. அ முதல் ஔ வரை ஒப்பித்துவிட்டுத்தான் வார்த்தை என்று காத்திருக்காதீர்கள்.

தவறு: ர, ற இரண்டையும் ஒரே வாரத்தில் எடுப்பது. ன, ண, ந மூன்றையும் வரிசையாக நிறுத்தி "வித்தியாசம் பார்" என்பது. ஒன்று நன்றாக ஊறிய பிறகு, குறைந்தது மூன்று வாரம் தள்ளி, அடுத்ததைக் கொண்டுவாருங்கள்.

இன்னொன்று. நம் பக்கத்தில் 'மழை'யை 'மளை' என்றுதான் வீட்டில் சொல்வார்கள். பிள்ளை 'மளை பெய்யுது' என்று வாசித்தால் பொருள் பிடிபட்டுவிட்டது என்று அர்த்தம். அந்த இடத்தில் நிறுத்தித் திருத்தாதீர்கள். நாவைப் பிறகு பழக்கலாம். வாசிக்கும் தைரியம் போய்விட்டால் திரும்ப வர நாளாகும்.

கொம்பு என்னும் முட்டுக்கட்டை

கற்றல் குறைபாடு உள்ள தமிழ்ப் பிள்ளைகள் பலரும் வந்து நிற்கிற இடம் இது. இடமிருந்து வலமாகப் பார், பார்த்த வரிசையில் சொல் என்று இவ்வளவு நாள் பழக்கியிருக்கிறோம். 'கெ' வந்ததும் அந்த விதி உடைகிறது. கண் முதலில் கொம்பைப் பார்க்கிறது, வாய்க்கு முதலில் வேண்டியதோ 'க்'. 'கொ'வில் ஒன்று முன்னால் நிற்கிறது, ஒன்று பின்னால் நிற்கிறது. 'கௌ'வில் பின்னால் நிற்பது 'ள' போலவே இருக்கிறது. 'பெட்டி'யைப் பார்த்து ஒரு பிள்ளை வெகுநேரம் திணறினால், அது கவனக்குறைவல்ல. நாம் சொன்ன விதியை அது ஒழுங்காகப் பின்பற்றுகிறது.

உகரத்திலும் இதே தொல்லை உண்டு. 'கு', 'பு', 'து' மூன்றும் ஒரே உகரம், ஆனால் மூன்று உருவம்.

செய்யவேண்டிய வரிசை:

1. எழுத்துக்குப் பின்னால் வரும் கால், மேலே ஒட்டும் சுழி (கா, கி, கீ) மூன்றும் உறுதியாகட்டும். 'பாட்டி', 'மாடி', 'பட்டி', 'டீ' என்று அட்டைகள்.
2. உகரத்தைக் குடும்பமாகப் பிரியுங்கள். கு, டு, மு, ரு ஒரு குடும்பம். சு, பு, யு, வு இன்னொன்று. து, நு, லு, னு மூன்றாவது. ஒரு குடும்பத்துக்கு ஒரு வாரம்.
3. கொம்பை மட்டும் தனியாக எழுதிக் காட்டாதீர்கள். 'பெ' என்பதை ஒரே அட்டையில் எழுதி, சுற்றிலும் கட்டம் போட்டு, ஒரே உருவமாகக் காட்டுங்கள். அந்த அட்டையை எந்நாளும் வெட்டிப் பிரிக்காதீர்கள்.
4. 'பெட்டி', 'செடி', 'தெரு' என்று ஒற்றைக் கொம்பிலேயே இரண்டு வாரம் இருங்கள். பிறகு இரட்டைக் கொம்பு: 'தேன்', 'தேள்', 'மேடு'.
5. புத்தகத்தில் வாசிக்கும்போது, பழைய அட்டை ஒன்றில் ஓரெழுத்து அகலத்துக்கு ஒரு சன்னல் வெட்டி, அதை வரிமேல் நகர்த்துங்கள். 'கொ' வரும்போது சன்னலை அகலமாக வைத்து மூன்று துண்டும் ஒன்றாகத் தெரியச் செய்யுங்கள்.
6. எழுதும்போது வாயால் வழி சொல்லுங்கள்: "கொம்பு போடு, ப போடு, சொல்லு, பெ."

கணக்கு

பத்து ஈர்க்கு சேர்த்து ரப்பர் பேண்ட் போட்டால் ஒரு கட்டு. மூன்று கட்டு, நான்கு ஈர்க்கு என்றால் முப்பத்து நான்கு. கையால் கட்டிப் பிரித்துப் பார்க்காத பிள்ளைக்கு 34-ம் 43-ம் ஒன்றுபோலத்தான் இருக்கும். நூறு வரை இப்படிக் கட்டிய பிறகுதான் தாளில் கூட்டல்.

தமிழில் ஒன்பது, தொண்ணூறு, தொள்ளாயிரம் என்கிற இடத்தில் எச்சரிக்கை வேண்டும். 'தொண்ணூறு' என்ற பெயருக்குள்ளேயே 'நூறு' ஒலிப்பதால், தொண்ணூற்றைந்து என்று சொன்னதும் 905 என்று எழுதும் பிள்ளைகள் உண்டு. ஒன்பது கட்டை எடுத்து வைத்து, பெயரைப் பிறகு சொல்லுங்கள். பெரிய பிள்ளைகளுக்குப் பெட்டிக்கடைக் கணக்கே முதல் கணக்கு. இருபது ரூபாய் கொடுத்து எட்டு ரூபாய்க்கு வாங்கி மிச்சம் எண்ணத் தெரிந்த பிள்ளைக்குக் கழித்தல் தெரியும்.

உதவியைக் குறைக்கும் ஏணி

தனியாக ஒருவர் பக்கத்தில் உட்காருவதில் உள்ள பெரிய ஆபத்து இதுதான்: பிள்ளை பாடத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு உங்கள் முகத்தைப் பார்க்கத் தொடங்கும். உங்கள் புருவம் உயர்ந்தால் பதிலை மாற்றும். நீங்கள் இல்லாத இடத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடும். இந்த நூலில் ஒரே ஒரு பக்கத்தை நடைமுறைக்குக் கொண்டுவர முடியும் என்றால் இந்தப் பக்கத்தைக் கொண்டுவாருங்கள்.

எந்த வேலையிலும் உதவிக்கு ஆறு படி உண்டு:

1. அனுமதி கேட்டு, கையோடு கை சேர்த்துச் செய்வது.
2. முழங்கையை மட்டும் லேசாகத் தாங்குவது.
3. நீங்கள் ஒரு தடவை செய்து காட்டிவிட்டு விடுவது.
4. விரலால் சுட்டிக்காட்டுவது.
5. முதல் சத்தத்தை மட்டும் சொல்வது, அல்லது "அடுத்து?" என்பது.
6. ஒன்றும் சொல்லாமல் இருப்பது.

இன்றைக்கு எந்தப் படியில் பிள்ளை செய்தது என்று வேலைக்கு ஓர் எண்ணாக நோட்டில் குறியுங்கள். மூன்று நாள் தொடர்ந்து ஒரே எண் வந்தால் நான்காம் நாள் ஒரு படி உதவியைக் குறைக்க வேண்டும். பிள்ளை தடுமாறினால் ஒரே ஒரு படி மட்டும் திரும்புங்கள், முதல் படிக்கு ஓடாதீர்கள்.

கேள்வி கேட்டபின் மனதுக்குள் பத்து எண்ணுங்கள். முதல் தடவை அந்தப் பத்து மிக நீளமாக இருக்கும். நான்கு எண்ணுவதற்குள் வாய் துறுதுறுக்கும். மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைக்குப் பதில் தெரிந்தும் அது உதட்டுக்கு வர நேரமாகும். அவர்களுக்கு இருபது எண்ணுங்கள். பக்கத்தில் இருக்கும் அண்ணனோ அக்காவோ பதிலைச் சொல்லிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சட்டை மாட்டுவது, சாப்பிடுவது போன்ற வேலைகளை வாலிலிருந்து கற்பியுங்கள். ஐந்து பொத்தானில் நான்கை நீங்கள் போட்டு, கடைசிப் பொத்தானை மட்டும் பிள்ளையிடம் விடுங்கள். அது வந்தபின் கடைசி இரண்டு. ஒவ்வொரு நாளும் வேலையை முடிக்கும் கை பிள்ளையினுடையதாக இருக்கும்.

அடம் பிடித்தால்

அடிக்காதீர்கள், கிள்ளாதீர்கள், தோப்புக்கரணம் போடச் சொல்லாதீர்கள். "ரெண்டு போடுங்க டீச்சர், அப்பத்தான் கேப்பான்" என்று வீட்டாரே சொல்வார்கள். அப்போதும் கூடாது. பள்ளிகளில் உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தடை செய்திருக்கிறது. வீட்டுப் பாயிலும் அதே ஒழுங்கைப் பிடியுங்கள்.

அழுகைக்கு முன் என்ன நடந்தது என்று பாருங்கள். மிக்சி ஓடியதா? வேலை கடினமா? ஒன்றை முடிக்கும் முன் பிடுங்கினீர்களா? பத்து தடவை எழுதிப் பார்த்தால் காரணம் தெரிந்துவிடும். அழும் நேரத்தில் பேச்சைக் குறையுங்கள், விளக்கம் சொல்ல வேண்டாம். தள்ளி உட்கார்ந்து, கல், கத்தரிக்கோல் போன்றவற்றை எடுத்துவிட்டுக் காத்திருங்கள். அடங்கியபின் மிகச் சுலபமான ஒரு வேலையைச் செய்யவைத்து, அதை வலப்பெட்டியில் போட்டுவிட்டு அன்றைக்கு முடித்துக்கொள்ளுங்கள்.

பாதுகாப்பு

இதைப் படித்துவிட்டுத் தாண்டிப் போகாதீர்கள். வீட்டாரோடு உட்கார்ந்து ஒரு தடவை சத்தமாக வாசியுங்கள்.

ஆளும் கதவும். கதவு திறந்திருக்க வேண்டும். வீட்டுப் பெரியவர் ஒருவர் பார்வைக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். யாரும் இல்லாத நாளில் பாடம் இல்லை, வாசலிலேயே திரும்பிவிடுங்கள். பிள்ளையை வண்டியில் தனியாக அழைத்துப் போகாதீர்கள். கழிப்பறை, உடை மாற்றும் வேலைகளை வீட்டாரே செய்யட்டும். தொடும் முன் "கையைப் பிடிக்கட்டுமா?" என்று கேளுங்கள். பேச்சு வராத பிள்ளையிடமும் கேளுங்கள், தலையாட்டலோ கையை இழுத்துக்கொள்வதோ அதன் பதில். போட்டோ எடுத்து வாட்ஸாப் ஸ்டேட்டஸில் போடாதீர்கள். "யாரிடமும் சொல்லாதே" என்று எந்தச் சின்ன விஷயத்துக்கும் சொல்லிப் பழக்காதீர்கள்.

பிள்ளை யாரைப் பற்றியாவது சொன்னால், அல்லது உடம்பில் காயமோ திடீர்ப் பயமோ தெரிந்தால், நடுவில் குறுக்கிடாமல் கேளுங்கள். துருவித் துருவிக் கேட்காதீர்கள். அது சொன்ன வார்த்தைகளிலேயே தேதியோடு எழுதிவைத்து, அன்றைக்கே 1098-க்கு அழையுங்கள். பாலியல் கொடுமை என்றால் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி தெரிந்தும் தெரிவிக்காமல் இருப்பதே குற்றம். "ஊர்ல பேர் கெட்டுப்போகும்" என்று தடுப்பவர் யாராக இருந்தாலும் இதில் விட்டுக்கொடுக்க இடமில்லை.

வலிப்பு வந்தால். கையில் சாவியோ இரும்போ திணிக்காதீர்கள். வாயில் கரண்டியோ துணியோ வைக்காதீர்கள். தண்ணீர் புகட்டாதீர்கள், அழுத்திப் பிடிக்காதீர்கள். கடினமான பொருள்களை நகர்த்தி, தலைக்கடியில் துணி வைத்து, கழுத்துப் பொத்தானைத் தளர்த்தி, ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். மணி பாருங்கள். 5 நிமிஷத்தைத் தாண்டினாலோ, நின்று மறுபடி வந்தாலோ, அதுதான் முதல் வலிப்பு என்றாலோ உடனே 108.

எண்ணப் பயன்படும் பொருள்கள். குன்றிமணி அழகாக இருக்கும், ஆனால் மென்று விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. கொல்லாங்கொட்டைத் தோட்டின் பால் பட்டால் தோல் வெந்துபோகும். எதையும் வாயில் போடும் பிள்ளைக்குப் புளியமுத்தும் வேண்டாம், தொண்டையில் சிக்கும். பெரிய பாட்டில் மூடிகள் நல்லது. ஈர்க்கின் நுனியை வெட்டிவிடுங்கள். பொம்மை, கைக்கடிகாரம் எதிலும் பொத்தான் பாட்டரி வெளியே தெரிந்தால் ஒதுக்குங்கள்.

ஓடும் பிள்ளை. வீட்டைச் சுற்றி ஐந்து நிமிஷ நடைக்குள் இருக்கும் கிணறு, குளம், மெயின் ரோடு எங்கெங்கே என்று தெரிந்துவையுங்கள். காணவில்லை என்றால் முதலில் தண்ணீர் உள்ள இடத்தைப் பாருங்கள், பிறகு மற்ற இடங்கள்.

பள்ளி, அட்டை, சலுகை

பிள்ளை பெயர் எந்தப் பள்ளியில் இருக்கிறதோ அந்த வகுப்பு ஆசிரியரை மாதம் ஒரு தடவை பாருங்கள். குறை சொல்லப் போகாதீர்கள். நாற்பது பிள்ளைகளோடு நிற்பவர் அவர். "கொம்பு எழுத்துக்கு இந்தச் சன்னல் அட்டை உதவுகிறது, முன் பெஞ்சில் உட்காரவைக்க முடியுமா?" என்று ஒரே ஒரு வேண்டுகோளோடு போங்கள்.

ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் வட்டார வள மையங்களில் சிறப்புப் பயிற்றுநர்களும் இயன்முறை மருத்துவர்களும் உண்டு. பள்ளிக்கு வர இயலாத பிள்ளைக்கு வீட்டிலேயே பயிற்சி தரும் ஏற்பாடும் அதில் இருக்கிறது. நீங்கள் அவர்களுக்குப் பதில் ஆள் அல்ல. பயிற்றுநர் வரும் நாளில் நீங்களும் இருந்து, அவர் செய்வதைப் பார்த்து, மற்ற நாள்களில் அதையே செய்யுங்கள்.

மாற்றுத்திறனாளி அட்டை இல்லாவிட்டால் வாங்கவையுங்கள். 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ள பிள்ளைக்கு 6 வயதிலிருந்து 18 வயதுவரை இலவசக் கல்வி சட்ட உரிமை. அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு மாதப் பராமரிப்புத் தொகையும் உண்டு. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஆள், மொழிப்பாட விலக்கு ஆகிய சலுகைகள் கிடைக்கும். இவற்றை ஒன்பதாம் வகுப்பிலேயே தலைமை ஆசிரியரிடம் கேட்கத் தொடங்குங்கள். தேர்வுக்கு இரண்டு மாதம் முன்னால் ஓடினால் சான்றிதழ் கைக்கு வராது. பள்ளி சம்பந்தமான சந்தேகங்களுக்கு 14417.

நீங்கள் விலகும்போது

கல்யாணம், வேலை, மேற்படிப்பு என்று நீங்கள் ஒரு நாள் போகத்தான் வேண்டியிருக்கும். தகப்பனைப் பிரிந்திருக்கும் பிள்ளைக்கு, சொல்லாமல் நின்றுபோகும் டீச்சர் இன்னொரு அடி. குறைந்தது ஆறு வாரம் முன்பே தொடங்குங்கள்.

1. காலண்டரில் கடைசி நாளை வட்டமிட்டு, ஒவ்வொரு நாளும் பிள்ளையே அடிக்கட்டும்.
2. வாரம் நான்கு நாளை மூன்றாக்குங்கள், பிறகு இரண்டு. விட்ட நாள்களில் அதே நேரத்துக்கு, அதே பாயில், வீட்டார் ஒருவர் உட்காரட்டும். எழுதப்படிக்கத் தெரியாத ஆச்சியாக இருந்தாலும் சரி. பெட்டியை எடுத்துவைக்கவும் பத்து எண்ணிக் காத்திருக்கவும் அவரால் முடியும்.
3. அடுத்து வருபவருக்கு ஒரு பக்கம் எழுதுங்கள்: என்ன வரும், எந்தப் படியில் வரும், எதற்கு அழும், எதைக் கண்டால் சிரிக்கும்.
4. கடைசி நாளில் புதுப் பாடம் வேண்டாம். பிள்ளைக்கு நன்றாக வருவதையே இடப்பெட்டி நிறைய வைத்து, எல்லாவற்றையும் வலப்பெட்டிக்கு மாற்றட்டும்.
5. முதல் வாரத்து நோட்டைப் பிள்ளையிடமே கொடுங்கள். ஓலைப்பெட்டி இரண்டையும் அந்த வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.